அளக்கக் கூலியா, அளவுக்குக் கூலியா?

மேலூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். டிப்ளமோ சிவில் முடித்தவர். ஒரு தனியார் சர்வேயரிடம் மூன்று வருடம் அளவுக் கருவிக்கு எதிரே பிரிஸம் கம்பம் பிடித்து, அப்புறம் கருவியில் பழகி, போன வருடம் கடன் போட்டு கோணமும் தூரமும் அளக்கிற டோட்டல் ஸ்டேஷன் கருவி ஒன்றைப் பழையதாக வாங்கித் தனியாக இறங்கிவிட்டார். இப்போது மூன்று வேலை வந்திருக்கிறது. மூன்றிலும் காசு தருகிற விதம் விசித்திரமாக இருக்கிறது என்கிறார். ஒத்தக்கடைப் பக்கம் மனை போடும் புரோமோட்டர், “பிளாட் விக்க விக்க, பிளாட்டுக்கு இவ்வளவுன்னு தர்றேன்” என்கிறார். அருப்புக்கோட்டைக்கு அந்தப் பக்கம் சோலார் வேலை எடுத்திருக்கும் துணை ஒப்பந்தக்காரர் ஒருவர் 19 பக்க ஆங்கில ஒர்க் ஆர்டரை வாட்ஸ்அப்பில் அனுப்பி, நாளைக்கே கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்கிறார். வாடிப்பட்டியில் ஒரு நிலக்காரர், “பத்திரத்துல இருக்கதவிட ஒரு சென்ட் கூட வந்தா உங்களுக்கு ரெட்டைக் கூலி” என்கிறார். எதை எடுப்பது, எதை விடுவது?

தம்பி, நான் 1999-லிருந்து மதுரையைச் சுற்றி இந்த வேலை பார்க்கிறேன். சங்கிலி இழுத்திருக்கிறேன், கோணம் அளக்கிற தியோடலைட்டைத் தோளில் போட்டு வரப்பில் நடந்திருக்கிறேன். காசு வராமல் போனதிலும் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. அந்தத் தகுதியில் சொல்கிறேன்: உங்கள் மூன்று வேலையில் பார்க்க இனிப்பாக இருக்கிற வாடிப்பட்டி வேலைதான் மூன்றிலும் மோசம். அதிலிருந்தே தொடங்குவோம்.

ஒரு நிலத்துக்கு மூன்று பரப்பு இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். பத்திரத்தில் ஒன்று, பட்டாவில் ஒன்று, தரையில் ஒன்று. மூல பத்திரத்தில் 50 சென்ட் என்று இருக்கும். பட்டாவில் 0.20.0 ஹெக்டேர், அதாவது 20 ஏர் என்று இருக்கும். ஒரு ஏர் என்பது 2.47 சென்ட், அப்படியானால் 20 ஏருக்கு 49.42 சென்ட்தான் வருகிறது. பழைய அலகிலிருந்து மெட்ரிக்குக்கு மாற்றியபோது சில்லறையை விட்டதில் போனது அரை சென்டுக்குச் சற்று மேல், கிட்டத்தட்ட 250 சதுர அடி. யாரும் திருடவில்லை, யாரும் தப்பாக அளக்கவில்லை. ஆனால் இன்றைக்கு வாடிப்பட்டி ரோட்டோரத்தில் 250 சதுர அடி என்றால் ஒரு கடை. நிலக்காரருக்கு வயிறு எரியத்தான் செய்யும்.

தரையில் அளக்கும்போது இன்னொரு சிக்கல். நாலு மூலையில் இரண்டு கல் இருக்காது. ஒன்று உழவில் போயிருக்கும், ஒன்று வாய்க்கால் தூர் வாரியபோது போயிருக்கும். அப்போது என்ன செய்வோம்? பக்கத்துப் புல எண்ணின் எஃப்எம்பியை, அதாவது அரசின் புல அளவைப் படத்தை எடுத்து, அங்கே நிற்கிற கல்லைப் பிடித்து, அதிலிருந்து தூரம் போட்டு வருவோம். இரண்டு பக்கமும் பழைய கல் இருந்து, ஒன்றுக்கொன்று ஒத்துவராவிட்டால்? எதை நம்புவது என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு கல்லைப் பிடித்தால் அரை சென்ட் இங்கிட்டு வரும், இன்னொரு கல்லைப் பிடித்தால் அங்கிட்டுப் போகும். நம் தொழிலில் கருவி செய்கிற வேலை பாதிதான். எந்தக் கல்லை நம்புவது என்பதுதான் மீதிப் பாதி. அந்த இடத்தில் போய் “கூட வந்தா ரெட்டைக் கூலி” என்று ஒருவர் சொன்னால், அவர் நம் கையில் கூலியைக் கொடுக்கவில்லை, கல்லைக் கொடுக்கிறார்.

2009-ல் நானும் இதில் ஒரு லேசான வகைக்கு ஒத்துக்கொண்டேன். “குறைஞ்சா பாதிதான் தருவேன், சரியா இருந்தா முழுசும்” என்றார் ஒருவர். அளவு என்னவோ சரியாகத்தான் இருக்கும் என்ற தைரியத்தில் தலையாட்டிவிட்டேன். தரையில் இரண்டு சென்ட் குறைந்தது. பக்கத்து வரப்பு நகர்ந்திருந்தது கண்ணுக்கே தெரிந்தது. சரி, எல்லையைப் படத்தின்படி காட்டிவிடலாம் என்று மறுநாள் பக்கத்துக்காரரையும் கூப்பிட்டு உட்கார்ந்தோம். அந்த மனிதர் எழுபது வயது இருக்கும், பள்ளிக்கூடம் போகாதவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “ஏன் தம்பி, அளவு கொறஞ்சா ஒங்களுக்குப் பாதிக் காசுதான்னு ஊரே பேசுது. அப்ப ஒங்க அளவ நான் எப்பிடி நம்புறது?” என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. என் அளவு சரி. ஆனால் அந்தக் கூலிப் பேச்சால் அது செல்லாக் காசாகிவிட்டது. பிறகு தாலுகா அலுவலகத்தில் பணம் கட்டி அரசு சர்வேயர் வந்து அளந்தார். நான் வைத்த இடத்திலேயே கல் நின்றது. எனக்குப் பாதிக் கூலிதான் வந்தது. அதற்கப்புறம் அந்த ஊரில் எனக்கு வேலையே வரவில்லை.

ஆகவே வாடிப்பட்டிக்காரரிடம் இப்படிச் சொல்லுங்கள்: “அண்ணே, அளக்கறதுக்குத்தான் காசு. கூட வந்தாலும் அதே காசு, கொறஞ்சாலும் அதே காசு.” இதை ரசீதிலும் ஒரு வரியாக எழுதிவிடுங்கள். இன்ன புல எண், எஃப்எம்பிப்படி எல்லை காட்டி, தரையில் இருக்கிற பரப்பைக் கணக்கிட்டுப் படம் தருவதற்கு இவ்வளவு, பரப்பு மாறினால் கட்டணம் மாறாது. இதில் நம்மவர்களே கவனிக்காத ஒரு ஓட்டை உண்டு. ஏக்கருக்கு இவ்வளவு, சென்டுக்கு இவ்வளவு என்று பேசுகிறோம் இல்லையா, அதுவும் அளவுக்குக் கூலிதான். பெரிய நிலம் என்றால் அப்படித்தான் பேச முடியும், தப்பில்லை. ஆனால் கணக்குப் போடுவது பட்டாவில் உள்ள பரப்பை வைத்து என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நாம் அளந்து வந்த பரப்பை வைத்து நமக்கே பில் போட்டால், அந்த எழுபது வயதுக்காரரின் கேள்வி திரும்ப வரும்.

அவர் அப்படியும் ரெட்டைக் கூலியிலேயே நின்றால் விட்டுவிடுங்கள். இன்னொன்றையும் முதலிலேயே அவர் காதில் போடுங்கள்: நாம் தருகிற படம் ஒரு தனியார் படம். 1923-ம் ஆண்டு நில அளவை, எல்லைகள் சட்டப்படி எல்லையைத் தீர்மானிக்கிற அதிகாரம் அரசின் அளவை அலுவலருக்குத்தான். அதை எதிர்த்து சிவில் நீதிமன்றம் போவதற்கு மூன்று வருடக் கெடு. உட்பிரிவு செய்து பட்டா மாற்றுவதும் அவர்கள் வேலை. நம் படத்தைக் கொண்டுபோய் “பட்டாவுல ஏத்துங்க” என்று நின்று, நடக்கவில்லை என்றதும் நம்மிடம் காசைத் திரும்பக் கேட்டவர்கள் உண்டு.

இனி ஒத்தக்கடைப் புரோமோட்டர். பிளாட் விற்கும்போது காசு என்றால் சட்டத்தின் பாஷையில் அது நிபந்தனை ஒப்பந்தம். 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 32-வது பிரிவு அதைப் பற்றித்தான் பேசுகிறது: எதிர்பார்த்த சம்பவம் நடக்கும்வரை அந்த ஒப்பந்தத்தை வைத்து வழக்குப் போட முடியாது, அது நடக்கவே முடியாது என்று ஆகிவிட்டால் ஒப்பந்தம் செல்லாது. புரிகிறதா? பிளாட் விற்கவில்லை என்றால் அவர் உங்களை ஏமாற்றியதாகவே ஆகாது. நீங்கள் ஒத்துக்கொண்டபடிதான் நடந்திருக்கிறது.

அந்த ‘விற்பனை’க்கு முன்னால் எத்தனை வாசல் என்று எண்ணிப் பாருங்கள். முதலில் எல்லை சர்வே, மட்டம், படம். பிறகு டிடிசிபி, அதாவது நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி. நிலம் 10,000 சதுர மீட்டருக்கு மேல் என்றால் சாலை போக 10 சதவீதத்தைப் பொது ஒதுக்கீட்டு இடமாக விட்டாக வேண்டும். அதையும் சாலையையும் தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுக்க வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேலோ எட்டு மனைக்கு மேலோ போனால் ரெரா என்கிற மனை வணிக ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிய வேண்டும். பதியாமல் விளம்பரம் செய்யவோ முன்பணம் வாங்கவோ கூடாது. இத்தனைக்கும் அப்புறம்தான் முதல் பிளாட். வாங்குகிறவருக்கு பேங்க் லோன் வரவேண்டும், நல்ல நாள் வரவேண்டும். உங்கள் டோட்டல் ஸ்டேஷன் தவணை மட்டும் ஐந்தாம் தேதி தவறாமல் வரும்.

போதாததற்கு, ‘பிளாட்டுக்கு இவ்வளவு’ என்கிறார். முதல் படத்தில் 64 பிளாட் இருக்கும். சாலை அகலத்தை மாற்றச் சொல்லித் திரும்பி வந்தால் 57 ஆகும். வேலை இரண்டு மடங்கு, காசு ஏழு பிளாட் குறைச்சல்.

பிளாட்டாகவே எடுத்துக்கொள்ளச் சொல்லுகிற ரகமும் உண்டு. அதில் நான் மாட்டியது 2014-ல். திருமங்கலம் தாண்டி ஒரு மனைப்பிரிவு. நிலத்தை அளந்து, ரோடு போட்டு, கல் ஊன்றி எல்லாம் முடித்தாயிற்று. “கையில காசு இல்லைங்க, கார்னருக்கு அடுத்த பிளாட் உங்களுக்கு” என்று 20 ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்தார். எனக்கும் ஆசை. அளந்தவனுக்கே அந்த மண்ணில் ஓர் இடம் என்றால் யாருக்கு ஆசை வராது? பதிவை “அப்புறம் பாத்துக்கலாம்” என்று தள்ளிக்கொண்டே போனோம். அது அனுமதி இல்லாத மனைப்பிரிவு. அந்தக் காலத்தில் பாதி அப்படித்தான். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அனுமதியில்லா மனைகளைப் பதியத் தடை போட்டது. 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்தபோது, முன்பே கிரயம் பதிந்து வாங்கியிருந்தவர்கள் பணம் கட்டி நேராக்கிக்கொண்டார்கள். என்னிடம் இருந்தது ஒப்பந்தக் காகிதம். சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி கிரய ஒப்பந்தம் நிலத்தில் எந்த உரிமையையும் தராது, பதிந்த கிரயப் பத்திரம்தான் தரும். அந்த 20 ரூபாய்ப் பத்திரம் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. பையன் சிரிப்பான்.

பதிவே நடந்திருந்தாலும் லாபம் என்று நினைக்க வேண்டாம். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 சதவீதம் கையிலிருந்து கட்டி, விற்கிறவரை காத்திருக்க வேண்டும். கூலியாட்களுக்குப் பிளாட்டில் சம்பளம் கொடுக்க முடியுமா? அதோடு, நமக்கே ஒரு மனை இருக்கிற இடத்தில் பக்கத்து மனைக்காரருக்கு நாமே எல்லை காட்டுவது எப்படி இருக்கும்?

புரோமோட்டரை விட்டுவிடச் சொல்லவில்லை. மனைப்பிரிவு வேலைதான் இந்த ஊரில் நமக்குச் சோறு. அதை ஒரே வேலையாகப் பார்க்காமல் மூன்றாகப் பிரியுங்கள். எல்லையும் மட்டமும் அளந்து படம் தருவது ஒன்று. அதற்குப் பாதி முன்பணம், மீதி படம் கொடுக்கும்போது. அனுமதிக்குப் போய்த் திருத்தம் வந்தால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் இவ்வளவு என்பது இரண்டாவது. அனுமதி வந்தபின் தரையில் ரோடும் மனையும் பிரித்துக் கல் ஊன்றுவது மூன்றாவது, அதற்குத் தனி விலை, தனி முன்பணம். அவர் பிளாட் விற்கிறாரா, இல்லை மா நட்டு வைக்கிறாரா என்பது அவர் பாடு.

முன்பணம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கோர்ட்டுக்கு இல்லாத கூச்சம் நமக்கு எதற்கு? சொத்து வழக்கில் வழக்கறிஞர் ஆணையரை அனுப்பும்போது, செலவுத் தொகையை முதலில் கோர்ட்டில் கட்டச் சொல்லி உத்தரவிட சிவில் நடைமுறைச் சட்டமே இடம் கொடுக்கிறது.

காசு வாங்குவதற்கு வரிசையும் முக்கியம். தரையில் முதலில் முளையும் பெயின்ட்டும்தான், கல் கடைசி. படத்தை முதலில் ‘வரைவு’ என்று குறுக்கே அடித்து பிடிஎஃப் ஆகக் கொடுங்கள். ஆட்டோகேட் கோப்பு மீதிப் பணம் வந்தபின். ஆனால் இந்த வரிசையை வேலை தொடங்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். நடுவில் திடீரென்று கோப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு பேரம் பேசினால் அது நமக்குத்தான் கெட்ட பெயர்.

சோலார் ஒர்க் ஆர்டருக்கு வருகிறேன். 19 பக்கமும் நீங்கள் அனுப்பியிருந்ததால் படித்தேன். பாதிப் பக்கம் ஏதோ பாலம் கட்டுகிற ஒப்பந்தத்திலிருந்து எடுத்து ஒட்டியது. கான்கிரீட் கியூப் பரிசோதனை பற்றிக்கூட ஒரு பத்தி இருக்கிறது. அதையெல்லாம் விடுங்கள். ஐந்தாறு இடத்தில்தான் முள் இருக்கிறது.

முதலாவது, “மேல் ஒப்பந்தக்காரரிடமிருந்து பணம் வந்தபின் தரப்படும்” என்ற வரி. புரோமோட்டர் சொன்னதேதான், கோட் சூட் போட்டு வந்திருக்கிறது. இதற்கு உங்களிடம் ஒரு ஆயுதம் உண்டு. குறு, சிறு நிறுவனங்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம், ஆன்லைனில் ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் உட்கார்ந்த இடத்தில் முடியும். கையெழுத்துப் போடுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள், வேலை முடிந்தபின் பதிந்தால் வாதம் கிளப்புவார்கள். 2006-ம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தின் 15-வது பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்கு மேல் இழுக்க முடியாது. எழுத்தில் கெடு எதுவும் இல்லை என்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. நாம் கொடுத்த படத்தில் குறை இருந்தால் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகத்தான் பொருள். அதனால் படத்தை எப்போதும் மின்னஞ்சலில் அனுப்புங்கள். தேதி நிற்கும்.

தராவிட்டால், இந்தப் பாக்கித் தகராறுகளைத் தீர்க்கவே அதே சட்டப்படி இருக்கிற வசதியாக்க மன்றத்தில் முறையிடலாம். மதுரையிலேயே மண்டல மன்றம் உண்டு. அந்த ஒர்க் ஆர்டரில் ‘தகராறு வந்தால் நடுவர் தீர்ப்பு குருகிராமில்’ என்று போட்டிருக்கிறார்களே, அதற்கும் இதுதான் பதில். தனியாக நடுவர் ஒப்பந்தம் இருந்தாலும் இந்த மன்றத்துக்குப் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் சொல்லிவிட்டது. மன்றத்தின் தீர்ப்பை அவர்கள் எதிர்க்க வேண்டுமானால் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் எதிர்க்க முடியும்.

ஆனால் மன்றத்துக்குப் போனால் அந்தக் கம்பெனியில் அடுத்த வேலை இல்லை என்பதும் நிஜம். நான் இரண்டு முறைதான் போயிருக்கிறேன். அதைவிட எனக்குப் பலமுறை கைகொடுத்தது ஒரு கடிதம். 2023-24 நிதியாண்டிலிருந்து, குறு, சிறு நிறுவனத்துக்கு அந்தக் கெடுவுக்குள் தராத தொகையை, தருகிற வருடம் வரை செலவுக் கணக்கில் காட்ட முடியாது என்று வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற பிரிவு சேர்ந்தது. சைட் இன்ஜினியருக்கு இது தெரியாது, தெரிந்தாலும் கவலை இல்லை. கணக்குப் பிரிவுக்குத் தெரியும். பிப்ரவரி கடைசியில் உத்யம் சான்றையும் பாக்கிப் பட்டியலையும் வைத்து கணக்குப் பிரிவுக்கே நேராக ஒரு கடிதம் போடுங்கள். எட்டு மாதம் போனே எடுக்காதவர்கள் மார்ச்சில் தாமாகக் கூப்பிடுவார்கள்.

இரண்டாவது முள், ‘எல்லை, உரிமை, ஆக்கிரமிப்பு தொடர்பாக எந்தக் காலத்தில் எந்த நஷ்டம் வந்தாலும் சர்வேயர் ஈடு செய்ய வேண்டும்’ என்பது. நூறு ஏக்கர் நிலத்துக்கு, ஒரு லட்சம் ரூபாய் வேலைக்கு, உங்கள் வீட்டையே அடமானம் கேட்கிறார்கள். உரிமை பார்ப்பது வக்கீல் வேலை. வில்லங்கச் சான்றும் மூல பத்திரமும் பார்த்தவரிடம் போய்க் கேட்கட்டும். இப்படி மாற்றச் சொல்லுங்கள்: அளந்த தேதியில் தரையில் கண்டதும், அன்றைய எஃப்எம்பியில் உள்ளதும் மட்டுமே சர்வேயர் பொறுப்பு. அளவில் பிழை என்றால் மறுபடி இலவசமாக அளந்து தருவோம், அதற்கு மேல் போனால் வாங்கிய கட்டணம் வரைக்கும்தான். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், ஏனென்றால் அந்தப் பக்கத்தை அவர்களே படித்திருக்க மாட்டார்கள்.

மூன்றாவதை நான் ரசித்துப் படித்தேன். ‘ஊன்றிய கற்களை 12 மாதத்துக்குச் சர்வேயர் பராமரிக்க வேண்டும்.’ எழுதியவர் கிராமத்தில் ஒரு ராத்திரி தங்கியதில்லை போலிருக்கிறது. பகலில் நட்ட கல் ராத்திரியில் நடக்கும் தம்பி. ஆடு முட்டும், டிராக்டர் தட்டும், ஜேசிபி அள்ளும், பக்கத்துக்காரர் தூக்கத்தில் இடறிப் பிடுங்கிவிடுவார். ஒரு வருடம் கல்லுக்குக் காவல் இருக்க நாம் என்ன அய்யனாரா? கல் ஊன்றிய அன்றே ஒவ்வொரு கல்லுக்கும் போட்டோவும், செயற்கைக்கோள் வழி இடம் குறிக்கிற டிஜிபிஎஸ் கருவியில் ஆயத்தொலைவும் எடுத்து, ஒரு பட்டியலில் கம்பெனி ஆளிடம் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்து வாங்குங்கள். அதற்கப்புறம் போன கல்லைத் திரும்ப ஊன்ற, கல்லுக்கு இவ்வளவு, வந்துபோக இவ்வளவு.

அந்தப் பக்கம் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும். கோடு வெட்டித் தருவது யார் என்று ஆர்டரில் ஒரு வார்த்தை இல்லை. ஜேசிபி அவர்கள் செலவு என்றும், வெட்டித் தராமல் நம் ஆட்கள் சும்மா நின்றால் நாள் ஒன்றுக்கு இவ்வளவு என்றும் எழுதாமல் போகாதீர்கள். தாமதத்துக்கு வாரத்துக்கு இத்தனை சதவீதம் பிடித்தம் என்று எழுதத் தெரிந்தவர்களுக்கு இதுவும் தெரிய வேண்டும். பிடித்தத்தைப் பற்றி ரொம்பப் பயப்பட வேண்டாம். ஒப்பந்தச் சட்டம் 74-வது பிரிவுப்படி நியாயமான நஷ்ட ஈடுதான் கேட்க முடியும், எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே. ‘30 நாளில் கேட்காவிட்டால் பாக்கி கேட்கும் உரிமை போகும்’ என்ற வரி 28-வது பிரிவுப்படி செல்லாது. செய்த வேலைக்குக் கூலி கேட்டு வழக்குப் போட மூன்று வருடம் இருக்கிறது.

ட்ரோன் அனுமதி உங்கள் பொறுப்பு என்றும் இருக்கிறது. ட்ரோனே நீங்கள் பறக்கவிடவில்லை, அடித்துவிடுங்கள். (மதுரைக்குள் என்றாவது பறக்கவிடும் யோசனை இருந்தால், பெருங்குடி விமான நிலையத்தைச் சுற்றியுள்ள மண்டலத்தை அரசின் டிஜிட்டல் ஸ்கை ட்ரோன் வரைபடத்தில் பார்க்காமல் பெட்டியைத் திறக்காதீர்கள்.)

வரி விஷயம் சுருக்கமாக. விலை சொல்லும்போது ‘ஜிஎஸ்டி தனி’ என்று சொல்லுங்கள், 18 சதவீதம் சின்னத் தொகை இல்லை. வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை பதிவு கட்டாயமில்லை. கம்பெனி உங்கள் பில்லில் பிடிக்கிற வரி (டிடிஎஸ்) உங்கள் பான் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் பாருங்கள். பிடித்துவிட்டுக் கட்டாதவர்களும் உண்டு. வரப்போகிற தேதி போட்ட செக் தந்தால் வாங்கிக்கொள்ளலாம். திரும்பினால் வங்கிச் சீட்டு கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், அந்தக் கெடுவைத் தவறவிட்டு அழுதவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் கேட்காத இரண்டையும் சொல்லிவிடுகிறேன், இன்றில்லாவிட்டால் நாளைக்கு வாசலுக்கு வரும்.

ஒன்று, பங்காளிச் சண்டை. உசிலம்பட்டிப் பக்கம் அண்ணன் தம்பி பாகம் பிரிக்கக் கூப்பிடுவார்கள். “ஆளுக்குப் பாதி குடுத்துர்றோம்” என்பார்கள். கோடு போட்டு முடித்ததும் ஒருவர் முகம் சுருங்கும். சுருங்கியவர் தரமாட்டார். சிரித்தவர், “என் பாதியத் தந்துட்டேன்ல” என்பார். இரண்டு பேரின் பங்கையும் அளக்கிற அன்று காலையில், முக்காலியை விரிக்கும் முன், இரண்டு பேர் முன்னாலும் வாங்கிவிடுங்கள். ஒருவரே முழுதும் தருகிறேன் என்றாலும் வேண்டாம். “அவன் காசு குடுத்து அளந்த அளவு” என்று இன்னொருவர் காலத்துக்கும் சொல்லிக்கொண்டிருப்பார்.

இன்னொன்று போனில் வருவது. இந்தியில் பேசுவார், ராணுவ அதிகாரி என்பார், மதுரையில் ரிட்டயர்மென்ட்டுக்கு நிலம் வாங்கியிருக்கிறேன், அளக்க வேண்டும் என்பார். விலையைப் பேரமே பேச மாட்டார். அதுவே முதல் சந்தேகம், இந்த ஊரில் பேரம் பேசாமல் யார் நிலம் அளந்திருக்கிறார்கள்? முன்பணம் அனுப்புகிறேன், ராணுவக் கணக்கில் இப்படித்தான் முறை என்று ஒரு கியூஆர் கோடு அனுப்பி, ஸ்கேன் செய்து யுபிஐ ரகசிய எண்ணை (PIN) போடச் சொல்வார். அல்லது “தப்பா அதிகமாப் போயிருச்சு, மீதியைத் திருப்பி அனுப்புங்க” என்று பொய்க் குறுஞ்செய்தி வரும். யுபிஐயில் பணம் வாங்குவதற்கு அந்த ரகசிய எண் தேவையே இல்லை. எஸ்எம்எஸ்ஸைப் பார்க்காதீர்கள், வங்கிக் கணக்கைத் திறந்து பாருங்கள். போய்விட்டால் அந்த நிமிடமே 1930-க்குப் போன் போடுங்கள். என்னோடு வேலை பார்த்த ஒருவர் இப்படி ஒரு பிரிஸம் கம்பத்தின் விலையை இழந்தார். அந்த நிலத்தின் புல எண்ணைக் கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். இப்போதெல்லாம் யார் கூப்பிட்டாலும் நான் முதலில் கேட்பது கிராமமும் புல எண்ணும்தான், போனை வைத்த மறுநிமிடம் எஃப்எம்பியை எடுத்துப் பார்த்துவிடுவேன்.

உங்கள் மூன்றில், சோலார்காரருக்கு இன்றைக்கே திருத்தங்களை மின்னஞ்சலில் அனுப்புங்கள். ‘நாளைக்கே கையெழுத்து’ என்பதெல்லாம் சும்மா, கருவேலம் வெட்டவே அவர்களுக்குப் பத்து நாள் ஆகும். வாடிப்பட்டிக்காரரிடம் நேரில் போய்ப் பேசுங்கள், போனில் வேண்டாம். பட்டாவில் உள்ள ஏரை சென்டாக மாற்றி ஒரு தாளில் போட்டுக் காட்டினால் பாதிக் கோபம் அங்கேயே இறங்கும். ஒத்தக்கடைப் புரோமோட்டரிடம் ஆனி முடிவதற்குள் பேசி முன்பணத்தை வாங்கிவிடுங்கள். ஆடி பிறந்துவிட்டால் “ஆடி போகட்டும் தம்பி” என்பார், ஆவணி வந்தால் முதலில் பத்திர ஆபீசுக்குத்தான் ஓடுவார்.